பதினைந்து அங்குல மௌனம்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி கொட்டிய மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறியது. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. உலகப் பத்திரிகைகள் எல்லாம் சென்னையைப் பற்றி எழுதின. இந்த எண்களை நானும் அப்போது படித்தவன்தான். ஆனால் முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த இரவு எனக்குப் புரிந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் குரல்:

“கரண்ட் இல்ல. மாடிப்படியில குந்தியிருக்கோம். கீழ வீட்டுக்குள்ள டங்கு டங்குன்னு இடிக்குது. யாரோ கதவத் தட்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எங்க கேஸ் சிலிண்டரு. மெதந்து மெதந்து செவுத்துல முட்டுது. விடிய விடிய முட்டிச்சும்மா.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தூரத்தில் ஒரு மின்சார ரயில் போகிறது. ஒரு பெருமூச்சு. பிறகு, “அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு” என்கிறார். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

இப்படி ஊர்க்காரர்களின் குரல்களை ஒலி ஆவணங்களாகத் தயாரிப்பவர்கள் நான்கே பேர். தயாரிப்பாளராக இருக்கும் பெண் முன்பு ஒரு கல்லூரி சமுதாய வானொலியில் வேலை பார்த்தவர். ஒலிப்பதிவு செய்வது விஸ்காம் படித்த ஓர் இளைஞர். பதிவானதை எல்லாம் கேட்டு வரிவரியாக எழுதுகிறார் ஒரு பள்ளி ஆசிரியை. நான்காமவர் சேலையூரில் வசிக்கும் பெரியவர். ஆல் இந்தியா ரேடியோவில் பல ஆண்டுகள் உரைச்சித்திரங்கள் தயாரித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறையின் சுவர்களில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், எதிரொலி வராமல் இருக்க.

ஒரு பதிவுக்கு நானும் கூடப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் இளைஞர் மைக்கை வெளியே எடுக்கவில்லை. கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது, தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும், பக்கத்து வீட்டில் நாய் இருக்கிறதா என்று விசாரித்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, தன் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடினார். நான் விழித்ததைப் பார்த்துத் தயாரிப்பாளர் சொன்னார்: “போகும்போது ஃப்ரிட்ஜைப் போட மறந்துட்டா அவங்க பால் கெட்டுப்போயிடும் சார். சாவி உள்ள இருந்தா மறக்க முடியாது.” அடுத்தவர் வீட்டுக்குள் போய் அவருடைய துயரத்தைக் கேட்டு வாங்கி வருகிறவர்களுக்கு அவருடைய பாலைப் பற்றியும் கவலை இருப்பதைப் பார்த்ததும் இவர்கள் மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

தாம்பரம் ஒலிப்பதிவுக்குத் தோதான ஊர் இல்லை. ஜி.எஸ்.டி. சாலை ஒருபக்கம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் வேறு. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் போனால் மீனம்பாக்கத்தின் பெரிய விமானங்கள். பேச்சின் நடுவே விமானம் வந்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வதில்லை. அது கடந்து போகும்வரை தலையாட்டிக்கொண்டு காத்திருந்து, “அப்போ கையில என்னம்மா வச்சிருந்தீங்க?” என்று கேட்கிறார் தயாரிப்பாளர். ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்ற கேள்வியை அவர் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் டி.வி.யில் கேட்ட பதிலைத்தான் திருப்பிச் சொல்வார்கள் என்றார். கையில் என்ன இருந்தது என்று கேட்டால் ரேஷன் கார்டு வரும், மாத்திரை டப்பா வரும், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரும். கதை அதைப் பிடித்துக்கொண்டு தானாக நகரும்.

பேசி முடித்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் சும்மா உட்காரச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியையும் பதிவு செய்தார் இளைஞர். ரூம் டோன் என்கிறார்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் தையல் தெரியாமல் இருக்க அது வேண்டும். இரண்டு அறைகளின் அமைதி ஒன்றுபோல் இருக்காது என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எடிட்டிங்கில்தான் சாருக்கும் இளைஞருக்கும் சண்டை வரும். இளைஞர் திரையில் அலை அலையாகத் தெரியும் ஒலியைப் பார்த்து, தட்டையாக இருக்கும் இடங்களை வெட்டிக்கொண்டே போவார். “தம்பி, கண்ணால எடிட் பண்ணாதே” என்பார் சார். அவர் காலத்தில் கால் அங்குல காந்த நாடா. நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். வெட்ட வேண்டிய இடத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டு, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். “ஒருத்தர் ரெண்டு செகண்ட் பேசாம இருந்தா அது பதினைஞ்சு அங்குல டேப். கையில எடுத்துப் பார்க்கலாம். இவ்வளவு நீளத்தைத் தூக்கிக் குப்பையில போடறதுக்கு மனசு வராது.” இளைஞர் எதிர்வாதம் செய்யவில்லை. வெட்டியதை மீட்டெடுத்தார். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. அந்த நிலையம் வளர்த்த பொறுமையில் ஒரு துளி முடிச்சூரில் இப்படி ஓர் இளைஞருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கலைக்கு முன்னோர் உண்டு. 1957 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஒரு சரக்கு ரயிலின் பிரேக் குழாய் உடைந்தது. ஓட்டுநர் ஜான் ஆக்சன் குதித்துத் தப்பாமல் இஞ்சினிலேயே நின்று உயிரை விட்டார். செய்தியாக அது சில பத்திகளில் முடிந்திருக்கும். சார்லஸ் பார்க்கரும் யூவன் மெக்காலும் ஆக்சனின் மனைவியையும் உடன் வேலை பார்த்த ரயில் தொழிலாளர்களையும் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். நடிகர்கள் இல்லாமல் அந்தக் குரல்களையும் பாடல்களையும் பெக்கி சீகரின் இசையோடு சேர்த்து 1958-இல் பி.பி.சி.யில் ஒலிபரப்பினார்கள். ரயில்வே ஊரான தாம்பரத்தில் உட்கார்ந்து இந்த நால்வரும் அதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தமிழில் நமக்கு பி.பி.சி. தமிழோசை இருந்தது. 1941 முதல் 2017 வரை. இலங்கைப் போர்க்காலத்தில் சிற்றலை வானொலியைக் காதோடு வைத்து அதைக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

இவர்களுடைய வேலைகளில் என்னை மிகவும் பாதித்தது தாம்பரம் சானடோரியத்தைப் பற்றியது. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகள் பலர் பின்னாளில் வந்து சேர்ந்தது சானடோரியத்துக்குத்தான். 2004 ஏப்ரல் 1-இல் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. உலகம் முழுக்க எழுதப்பட்ட விஷயம். அந்த மருந்துக்காக வரிசையில் நின்ற பெண்கள் சிலர் இவர்களிடம் பேசியிருக்கிறார்கள்.

முகம் தெரியாது என்பதால் பேச முன்வந்தார்கள். ஆனால் குரலே முகம்தானே? மூன்று வார்த்தையில் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். கருவியால் குரலைத் தடிமனாக்கினால் டி.வி. குற்ற நிகழ்ச்சியில் வரும் ஆள் போலாகிவிடும். பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குவது போல. கடைசியில் மேடை நாடகத்தில் நடிக்கும் ஒரு பெண்ணை அழைத்து, மூலப் பதிவைக் காதில் கேட்டுக்கொண்டே, அதே நிறுத்தங்களோடு பேசச் சொன்னார்கள். குரல் மாற்றப்பட்டிருப்பதை முதலிலேயே அறிவிக்கிறார்கள். சம்மதம் இரண்டு முறை வாங்குகிறார்கள்: பதிவின்போது ஒன்று, முடித்ததைக் கேட்கவைத்த பிறகு ஒன்று. ஒரு பெண் இரண்டாம் முறை வேண்டாம் என்றார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்ததிலேயே அழுத்தமான பகுதி அதுதான். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட குரல்களுக்கு வானொலியில் இடம் உண்டா? காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. ஆனால் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்ற தடை இன்றும் நீடிக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. கைபேசி வைத்திருக்கும் எவரும் எதையும் பரப்பலாம், பயிற்சி பெற்றுப் பொறுப்போடு வேலை செய்கிறவர்கள் தங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்லக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? இந்த நால்வரும் பள்ளிகளிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கவைக்கிறார்கள், இணையத்திலும் ஏற்றுகிறார்கள். அரை மணி நேர ஆவணத்துக்குப் பின்னால் இருபது மணி நேரத்துக்கும் மேலான பதிவு இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங்கும் விளம்பரக் குரலும்தான் இவர்களுக்குச் சோறு போடுகின்றன. ஆவணத்துக்குச் சம்பளம் இல்லை.

பதிவுகள் எல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. இரண்டும் ஒரே அலமாரியில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் சூழ்ந்த அதே முடிச்சூரில். பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. தாம்பரம் மாநகராட்சியும் செங்கல்பட்டு மாவட்ட நூலகத் துறையும் நினைத்தால், ஒரு கிளை நூலகத்தில் ஒரு கணினியும் நாலு ஹெட்போனும் வைத்து இவற்றைக் காப்பாற்றலாம். பெரிய செலவில்லை. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த 2015 டிசம்பர் இரவைக் கண்டவர் இருந்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை அருகில் வைத்து, அவர் சம்மதத்தோடு பேசவிடுங்கள். முதலில் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.