ஏழு காய்

பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காய் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினால், முதலில் ஆடுகிறவர் எந்தக் குழியிலிருந்து எடுத்தாலும் ஏழு காய்தான் கிடைக்கும். இதை எனக்குச் சொன்னவன் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். நானே கண்டுபிடித்ததாகப் பிற்பாடு சபையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

பெங்களூரு விவேக் நகரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. வருடா வருடம் உலகப் பண்பாட்டு வாரம் நடத்துவோம். ஜப்பானுக்கு ஓரிகாமி, எகிப்துக்குப் பிரமிடு. வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நான்தான். பிள்ளைகளிடம் விட்டால் கோணலாகிவிடும் என்று பயம். போட்டோ எடுக்கும்போது மட்டும் அவர்கள் கையில் கொடுப்பேன்.

அந்த வருடம் கையால் செய்து பார்க்கும் கணக்கும் சேர வேண்டும் என்றார்கள். கானா நாட்டு ஒவாரே ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு குழி, குழிக்கு நான்கு காய், மொத்தம் 48. அதன் பலகைக்கு எங்கே போவது? பரணில் பாட்டியின் பல்லாங்குழி கிடந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டம் என்று படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மலேசியாவில் சொங்காக், பிலிப்பைன்ஸில் சுங்கா, இலங்கையில் குன்றிமணி வைத்து ஆடும் ஒலிந்த கெளிய, இங்கே கன்னடக்காரர் வீடுகளில் அளகுளி மணெ. கிளாடியா சாஸ்லாவ்ஸ்கி என்ற அமெரிக்கக் கணித ஆசிரியை, ஆப்பிரிக்க மக்களின் கணக்கறிவைப் பற்றி 1973-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த ஆட்டங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நான் செய்தது என்ன? ஒவாரே சார்ட்டில் கானா கொடி, பல்லாங்குழி சார்ட்டில் நம் பாரம்பரியம் என்று தலைப்பு. வேறு வேறு சுவரில் மாட்டிவிட்டேன். இரண்டும் உறவு என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.

பாட்டி எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் உட்கார்ந்து ஆடியவள் இல்லை. விதிகளை முந்தின இரவு இணையத்திலிருந்து அச்செடுத்துப் படித்தேன். மறுநாள் மேற்பார்வைக்கு வந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதினான்கு குழியிலும் ஐந்தைந்தாகப் புளியங்கொட்டை போட்டு, எந்தக் குழியில் ஆரம்பித்தால் அதிகம் கிடைக்கும், எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். யாரும் பலகையைத் தொடுவதற்குள் அந்தப் பையன் சொன்னான்:

"எதை எடுத்தாலும் ஏழுதான் மிஸ்."

"எண்ணாம எப்படிச் சொல்றே?"

"எல்லாத்துலயும் அஞ்சுதானே மிஸ் இருக்கு. எங்க ஆரம்பிச்சா என்ன?"

எனக்குப் புரியவில்லை. விடையும் தெரியாது. பின்னால் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்று சொல்லிப் பலகையை அவன் முன்னாலிருந்து எடுத்து அடுத்த வரிசைக்குக் கொடுத்தேன். அவன் முறை வரவே இல்லை. மதிப்பீட்டு அட்டையில் எழுதினேன்: எண்ணிப் பார்க்காமல் ஊகித்துச் சொல்கிறான், பொறுமை தேவை.

அட்டையில் கையெழுத்துப் போட அவன் அம்மா வந்தார். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்குப் பூ விற்கிறவர். "எண்ணாம சொல்றது தப்பா மிஸ்? அவன் பாட்டியோட தினமும் ஆடுறான், அந்தப் பழக்கம்" என்றார். "பள்ளிக்கூடத்துல அது சரிப்படாதும்மா" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கோடை விடுமுறையில் பலகையைத் திரும்பப் பரணில் வைக்கப் போனவள், சும்மா ஆடிப் பார்த்தேன். ஒரு குழியின் ஐந்தை எடுத்து வரிசையாகப் போட்டு, அடுத்த குழியில் இருப்பதை எடுத்து, அதையும் போட்டு, இப்படியே போனால் ஐந்து, ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு என்று ஐந்து கைப்பிடி. அதற்குப் பிறகு வருவது காலிக் குழி. அதைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால் ஏழு. முதல் கைப்பிடியின் கடைசிக் காய் எந்தக் குழியில் விழுந்ததோ, அதே குழி. வேறொரு குழியில் ஆரம்பித்தேன். ஏழு. எதிர்வரிசையில் ஆரம்பித்தேன். ஏழு. பலகை வட்டமாகச் சுற்றிவருகிறது, எல்லாக் குழியும் சமம். அதனால் தொடக்கம் எங்கே என்பதற்கு அர்த்தமே இல்லை. பெரிய வகுப்புகளில் சமச்சீர் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதை அந்தப் பிள்ளை ஒரே வரியில் சொல்லியிருக்கிறான். நான் அதற்குத்தான் பொறுமை தேவை என்று எழுதியிருக்கிறேன்.

பள்ளி திறந்ததும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வேறு பள்ளிக்கு மாறிவிட்டான் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அதன்பின் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் இந்த ஏழு காய்க் கணக்கைச் செய்துகாட்டினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். "ஆடும்போது தற்செயலாகக் கவனித்தேன்" என்றேன். அது செயல்பாட்டுத் தாளாக அச்சாகி, கீழே என் பெயரோடு பல பள்ளிகளுக்குப் போயிற்று.

அடுத்த அச்சில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் பெயரைப் போடலாமா என்று அவன் அம்மாவைக் கேட்க வேண்டும். அட்டையில் எழுதியது தவறு என்று அவனிடமே சொல்ல வேண்டும். வியாழக்கிழமை கோயில் வாசலில் அவர் இருப்பார். பள்ளியிலிருந்து நடந்தே போய்விடலாம். இன்னும் போகவில்லை.