மருந்தில்லாத துண்டு



மாட்டுக்கொட்டகைத் தூணுக்கு மருந்து வாங்கப்போன அக்கா மகன், "சோதனையில அழுகவே இல்லையாம் மாமா" என்று ஒரு தாளை நீட்டினான். பக்கத்தில் மருந்தில்லாத துண்டு வைத்தார்களா என்றேன். விழித்தான்.

ஐரோப்பியச் சோதனையில், உலர்த்தி எடைபோட்ட மரத்துண்டுகளைப் பூஞ்சை வளர்ந்த குடுவையில் 16 வாரம் வைப்பார்கள். பிறகு மறுபடி உலர்த்தி எடைபோடுவார்கள். குறைந்த எடை, பூஞ்சை தின்றது. மருந்தில்லாத துண்டு நன்றாக இற்றிருந்தால்தான் கணக்கு செல்லும். அதுவும் முழுசாக இருந்தால் பூஞ்சை வேலையே செய்யவில்லை; மருந்துக்கு என்ன பெருமை?

தூண் மழையில் நிற்கப்போகிறது. மருந்தேற்றிய துண்டை முதலில் 14 நாள் தண்ணீரில் போட்டு, மருந்து கரைகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. இரண்டையும் கடையில் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன். தூண் இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது.