சுரையாவை வானில் காட்டுவோமா?

கடலூருக்கு வரும் அன்பர்கள் மஞ்சக்குப்பத்தைக் காணாமல் திரும்புவதில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் இயங்கிய பகுதி இது. பரந்த மைதானம், அருகே கெடிலம் ஆறு, கிழக்கே தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை எனப் பகலில் பார்க்கப் பல உண்டு. இரவில் பார்க்க வேண்டிய ஒன்று மட்டும் இங்கே ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அதுதான் விண்மீன் நிறைந்த வானம்.

வாசகர்களே! நம் பெண்மக்களுக்குச் சுரையா என்று பெயர் சூட்டி மகிழ்கிறோம். அரபு மொழியில் அது ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர். தமிழர் அதனையே கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் அழைத்தனர். அதன் பின்னே எழும் செம்மீன் தமிழருக்கு ரோகிணி. அரபியருக்கு 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் அல்தபரான். உலக வானியலார் இன்றும் வழங்கும் பெயர் அதுவே. கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் அறிஞர், நம் பால்வீதிக்கும் அப்பாலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலத்தைச் சிறு மேகம் போன்றதெனத் தம் நூலில் குறித்தார். தொலைநோக்கி தோன்றாத காலத்தில் வெறுங்கண்ணால் கண்டது அது! மத்ரஸாவில் பயிலும் பிள்ளைகள் இப்பெயர்களை ஒப்பிக்கின்றனர். வானில் சுட்டிக்காட்ட அவர்களால் இயலவில்லை.

காரணம் யாது? நம் விளக்கொளியில் ஒரு பகுதி மேல்நோக்கி வீணே செல்கிறது. காற்றிலுள்ள தூசும் நீர்த்துளிகளும் அதனைச் சிதறடிக்க, வானமே வெளிறிப் போகிறது. வெண்மை மிகுந்த எல்.இ.டி. விளக்குகளின் நீலவொளி இன்னும் கூடுதலாகச் சிதறும். உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பால்வீதியைக் காண இயலாத இடங்களில் வாழ்வதாக 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மேகம் விலகி, நிலவும் மறைந்த இரவுகளில் விண்மீன்கள் முன்போலவே ஒளிர்ந்தன. அவை எங்கும் போய்விடவில்லை. நம் விளக்குகளே அவற்றை மறைத்திருந்தன. ஆயினும் உயிர்களையும், முந்திரி, பலாத் தோப்புகளையும் பறித்த அப்புயலின் இருளை எவர் விரும்புவர்? நோயாளிக்கும், இரவில் வீடு திரும்பும் பெண்களுக்கும் விளக்கு வேண்டும். நாம் கேட்பது இருளையன்று, ஒளியில் சிக்கனத்தையே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. விளக்குக்கு மேல்மூடியிட்டு ஒளியைத் தரைநோக்கிச் செலுத்தலாம். மஞ்சள் ஒளியைத் தேர்ந்தெடுக்கலாம். கடையடைத்த பின் விளம்பரப் பலகையை அணைக்கலாம். கடலோர விளக்குகளைத் தணித்தால், மணலில் பொரிந்து கடலைத் தேடும் ஆமைக்குஞ்சுகளும் வழி தவறா. லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் தம் விளக்குகளை அடக்கி வானத்தைக் காத்து வருகின்றனர்.

வரும் கார்த்திகை மாதத்தில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். சுரையாவில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என எண்ணச் சொல்லுங்கள். பின்னர் வாசல் விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் எண்ணச் சொல்லுங்கள்.