தறியின் வலது ஓரத்தில் ஒரு பிள்ளை: 2024இல் எனக்குப் பிடித்த படங்கள்

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள். “அண்ணா, இந்த வருசம் உங்க டாப் ஃபைவ் என்ன?” நானும் சளைக்காமல் சொல்வேன். சினிமா பைத்தியம்தான் நான். முகூர்த்த மாதத்தில் காந்தி ரோடு முழுக்கப் பட்டு எடுக்க வந்தவர்களின் வண்டிகள் நிற்கும்போது, அதற்குள் புகுந்து தியேட்டருக்கு ஓடுகிற ஆள்.

ஆனால் இந்த ஆண்டுப் பட்டியலை ஒரு பழைய படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2008இல் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ வந்தது. நம் ஊர் நெசவாளியின் கதை. சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தன. மகளைப் பட்டுச் சேலையில் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த வேங்கடம், வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்து வருவான். நானும் அழுதேன். அழுதுகொண்டே இன்னொன்றையும் தேடினேன். அது அந்தப் படத்தில் கதையாக இல்லை.

நான் தேடியது என்னை. ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை நான் தறியில் உட்கார்ந்தவன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் முடியாது. வலது ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளைதான். எங்கள் சேரியிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்குக் காலையில் நடந்துபோன பிள்ளைகளில் நானும் ஒருவன். அப்பாவின் வைத்தியச் செலவுக்கு வீட்டில் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். அது கழியும்வரை பள்ளிக்கூடம் இல்லை.

நெய்தவர் கெட்டவர் இல்லை. அவரும் தன் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியவர். கடனில் இருந்த ஒருவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கடனில் வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் வீட்டில் எனக்குத் தண்ணீர் தனி டம்ளரில் வந்தது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஏழை நெசவாளியின் துயரம் உண்மை. அந்தத் துயரத்துக்குக் கீழே இன்னொரு படி இருந்ததும் உண்மை. சினிமா முதல் படியில் நின்றுவிட்டது.

கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. அதில் தலித் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்த ஆகஸ்டில் மாரி செல்வராஜின் ‘வாழை’ வந்தது. தாமிரபரணிக் கரை. தறி இல்லை, பட்டு இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை நேசிக்கிற சிவனணைந்தான், விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிறான். போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். வீட்டில் அட்வான்ஸ் வாங்கியாயிற்று, போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஒரு சொல்லைத் திரையில் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக்கேட்டு அந்த மக்கள் ஜெயிக்கிறார்கள். கூட்டிக் கொடுத்ததை மிச்சம் பிடிக்க, வியாபாரி அவர்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறான். அதன்பிறகு நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது விதியால் வந்த விபத்து இல்லை. கணக்குப் போட்டு வந்த விபத்து. அதைக் காட்டியதற்காகவே ‘வாழை’ என் பட்டியலில் முதலிடம். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய படத்தில் கிடைக்காத என் பிள்ளைப்பருவம், எங்கோ தெற்கே ஒரு வாழைத் தோட்டத்தில் கிடைத்தது.

அதனால் இந்த ஆண்டு எல்லாப் படத்துக்கும் ஒரே கேள்வியை வைத்தேன்: ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்குக் கதை இருக்கிறதா?

இரண்டாவது, தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’. அன்பு எல்லோரையும்விட நன்றாக ஆடுவான். அணியில் நிரந்தர இடம் மட்டும் கிடைக்காது. காரணம் ஆட்டத்தில் இல்லை. சாதிப் பெயர் ஒன்றைக்கூட உரக்கச் சொல்லாமல், சிரிக்கவும் வைத்து, எல்லாத் தெருக்காரரையும் ஒரே தியேட்டரில் உட்காரவைத்த படம்.

மூன்றாவது, ஜெயக்குமாரின் ‘ப்ளூ ஸ்டார்’. அரக்கோணம் நமக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். பேச்சும் வெயிலும் மைதானமும் நம்முடையவை. ஒரு குறை உண்டு. இரண்டு தெருவும் கைகோக்க, வெளியே இருந்து மூன்றாவது ஆள் வந்து இருவரையும் அவமானப்படுத்த வேண்டியிருக்கிறது. நிஜத்தில் அந்த அவமானத்துக்குப் பிறகும் தெருக்கள் சேர்வதில்லை.

நான்காவது, பாரி இளவழகனின் ‘ஜமா’. பெண் வேடம் கட்டும் கூத்துக் கலைஞன் அர்ச்சுனன் வேடத்துக்கு ஆசைப்படுகிறான். பாரதக் கூத்து பார்த்து விடிய விடியக் கண்விழித்த வடமாவட்டப் பிள்ளைகளுக்கு அது புரியும். ஐந்தாவது, சுரேஷ் மாரியின் ‘ஜே.பேபி’. தொலைந்துபோன அம்மாவைத் தேடி, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகள் கொல்கத்தா போகிறார்கள். எளிய வீட்டுச் சண்டையை மரியாதையோடு காட்டிய படம்.

‘தங்கலான்’ ஏன் இல்லை என்று சண்டைக்கு வருவீர்கள். நிலம் பறிபோனதையும், தங்கம் தோண்டியவர்கள் யார் என்பதையும் இத்தனை பெரிய திரையில் சொன்ன ரஞ்சித்துக்கு வணக்கம். ஆனால் மாய உலகத்தின் சத்தத்தில் மனிதர்களின் முகம் எனக்கு நிற்கவில்லை. ‘நந்தன்’ எடுத்துக்கொண்டது அவசியமான விஷயம். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை தலித் தலைவரை நாற்காலியில் உட்காரவிடாத மாநிலம் இது. ஆனால் அந்தப் படம் தன் நாயகனை ஏதும் அறியாதவனாகவே வெகுநேரம் வைத்திருக்கிறது. நம் மக்கள் பயந்திருக்கிறார்கள், விவரம் தெரியாமல் இருந்ததில்லை. நான் நாடா தள்ளிய நாளிலேயே எனக்கு எல்லாம் தெரியும்.

‘வாழை’ பார்த்துவிட்டு வந்த மறுநாள், வகுப்பில் எப்போதும் பேசாத ஒரு தம்பி மட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றான். “அண்ணா, எங்க அம்மாவும் அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. தங்கச்சி சாயந்திரம் தறிக்குப் போறா. அது தப்பா?” என்றான். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2016இல் திருத்திய சட்டமே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்றும் விட்டுவைத்திருக்கிறது. தறி வீட்டுக்குள் இருக்கிறது. கேட்டால் ‘எங்க வீட்டுப் பிள்ளைதான்’ என்று ஒரு வார்த்தை போதும்.

“தப்பு உன் தங்கச்சி மேலயும் இல்ல, அம்மா மேலயும் இல்ல” என்று சொல்லிவிட்டு அவனோடு நடந்தேன். அந்தக் கடனை எப்படிக் கழிப்பது என்று அவன் அம்மாவோடு பேசினோம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜனவரியிலிருந்து தங்கச்சி மாலை வகுப்புக்கு வருவாள் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

தோழர்களே, உங்கள் பட்டியலையும் அனுப்புங்கள். படத்தின் பெயரோடு, ஓரத்தில் நீங்கள் யாரைப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். பார்த்தவரைப் போன்ற ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

ஜெய்பீம்.