எல்பே நதிக்கரையின் பீங்கான் விலங்குகள்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து எல்பே நதியோரமாய்ச் சிறிது தூரம் சென்றால் மைஸன் என்னும் சிற்றூரை அடையலாம். குன்றின்மீது பழம்பெரும் பேராலயமும், அதனை ஒட்டி ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டையும் நிற்கின்றன. ஐரோப்பாவின் முதல் பீங்கான் தொழிற்சாலை 1710-ஆம் ஆண்டில் இக்கோட்டைக்குள்தான் அமைந்தது. கோட்டைக்குள் ஏன்? செய்முறை வெளியே கசியலாகாது என்பதற்காக. பொன் செய்வதாகச் சொல்லி சாக்ஸனி அரசர் அகுஸ்துவிடம் சிறைப்பட்ட இளைஞர் பெட்கர், அறிஞர் சிர்ன்ஹவுஸ் தொடங்கிய சோதனைகளில் ஈடுபட்டு, பொன்னுக்குப் பதிலாக வெண்பீங்கானைக் கண்டார். 1714-இல் விடுதலை பெற்றவர், 1719-இல் 37 வயதிலேயே மாண்டார்.

இன்று நாம் கண்டு மகிழும் குறும்பு விலங்குகள் 1731-இல் அங்கு வந்த சிற்பி கெண்ட்லரின் கைவண்ணம். அவர் 1753 அளவில் படைத்த குரங்கு வாத்தியக் குழுவைப் பார்த்து எவரும் சிரிக்காமல் இருப்பரோ! தலைக்குப் பொய்முடி, உடலுக்குப் பட்டுச்சட்டை, முகத்திலோ மகாவித்துவானின் கோபம். உள்ளங்கையளவு உருவத்துக்கும் உழைப்பு பெரிது. கை, கால், வால் யாவும் தனித்தனி அச்சில் வார்த்துக் களிமண் குழம்பால் ஒட்டப்படும். ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்தில் உருவம் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அதன்பின் கையால் வண்ணம் தீட்டி, மீண்டும் சூளையில் இடுவர்.

சிறியவற்றில் வென்றவர்கள் பெரியவற்றில் திணறினர். தம் மாளிகைக்கு உயிரளவு விலங்குகள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றார் அரசர். சூளையில் அவை வெடித்தன. மறுமுறை சுட அஞ்சி, சுடாத வண்ணத்தையே பூசினர். டிரெஸ்டனில் ஸ்விங்கர் மாளிகையின் பீங்கான் காட்சிக்கூடத்தில் அவ்விரிசல்களை இன்றும் காணலாம். எனக்கென்னவோ, குறையற்ற குரங்குகளைவிட அவற்றின்மீதே பரிவு அதிகம்.

அங்குள்ள காண்டாமிருகம் நம் நாட்டுடன் தொடர்புடையது. குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்கு அளித்த காண்டாமிருகம் ஒன்று 1515-இல் லிஸ்பன் சென்றது. மன்னர் மானுவேல் அதனைப் பாப்பரசர் பத்தாம் சிங்கராயருக்குக் காணிக்கையாக அனுப்பினார். இத்தாலியக் கரையருகே கப்பல் கவிழ, அவ்விலங்கும் மூழ்கியது. அதனை நேரில் காணாத ஓவியர் டியூரர், பிறர் எழுதியனுப்பிய குறிப்பைக் கொண்டு, போர்வீரனின் கவசம் பூண்டதுபோல் வரைந்தார். கழுத்தின்மேல் இல்லாத ஒரு சிறுகொம்பையும் சேர்த்தார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மைஸன் சிற்பி கிர்ஷ்னர் அப்படத்தை நம்பியே தம் பீங்கான் காண்டாமிருகத்தை உருவாக்கினார்.