தட்டு கொடுக்கிற லைசென்ஸ்

ரிவால்வரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தேங்காய் உடைக்கிற அருவாளையே பயந்து பயந்துதான் பிடிப்பீங்க" என்றாள். நியாயமான கேள்வி. உங்களுக்கும் அதே சந்தேகம் வரலாம் என்பதால் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் மூன்று.

ஒன்று, பள்ளிக்கூடம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் 'லெ ஷசேர் ஃபிரான்சே' என்ற பழைய வேட்டைப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். 1885-இல் தொடங்கிய பத்திரிகை அது. பிரெஞ்சு வாசிப்புப் பழகட்டும் என்று எனக்கும் எடுத்துக் கொடுப்பார். காட்டுப்பன்றி, முயல், வேட்டை நாய், துப்பாக்கி எல்லாவற்றையும் நான் முதலில் பிரெஞ்சில்தான் படித்தேன்.

இரண்டு, உத்தியோகம். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சில வருடங்கள் துப்பாக்கி லைசென்ஸ் ஃபைல்கள் என் மேஜைக்கு வந்தன. அப்போதெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம், போலீஸ் அறிக்கை, கட்டணச் சலான், துப்பாக்கி நம்பர் எல்லாம் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை. காகிதத்தில் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைப் பார்த்தவன். கையில் ஒன்றைக்கூட எடுத்ததில்லை.

மூன்றாவது சம்பந்தம்தான் இந்தக் கட்டுரை. சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். இரண்டு பேரும் அரசாங்கப் பென்ஷன்காரர்கள் என்பதால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசத் தொடங்கினோம். என் இங்கிலீஷ் பிரெஞ்சு வாசனை அடிக்கும், அவர் பொறுத்துக்கொண்டார். அந்த வருடம் அவர் ஒரு பெரிய ரிவால்வர் வாங்க நினைத்தார். வருடம் முழுக்கக் குறி பார்த்துச் சுட வேண்டும், மான் சீசனில் அதே ரிவால்வரால் வேட்டைக்கும் போக வேண்டும். அந்தத் தேர்வில் நானும் ஒரு மாதிரி பங்கெடுத்தேன்.

மான் என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். நம் நாட்டில் மானைத் தொட்டால் ஜெயில். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அது. வேண்டிய சட்டம்தான். ஒஹாயோவில் நிலைமை வேறு. ஓநாய் இல்லாத ஊர். வெள்ளைவால் மான்கள் சோளக் கொல்லையிலும் வீட்டுத் தோட்டத்திலும் மேயும், இரவில் காருக்குக் குறுக்கே பாயும். எத்தனை மான், எந்த வாரம், என்ன ஆயுதம் என்று மாநில அரசே விதி போட்டு லைசென்ஸ் கொடுக்கிறது. இத்தனைக்கும் நான் படித்து வளர்ந்த பிரெஞ்சுப் பத்திரிகையின் நாட்டில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு.

ஒஹாயோ விதியைக் குமாஸ்தா புத்தியோடு நான் வாசித்தேன். மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி என்றால் குழல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும். தோட்டா 357 அல்லது அதற்கு மேற்பட்ட காலிபர், அதுவும் நேர்ச்சுவர் தோட்டாவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எது வாங்குவது என்பது அவரவர் விருப்பம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டரில் சொல்வான், அமெரிக்கன் அங்குலத்தில் நூறில் ஒரு பங்காகச் சொல்வான். 1873-ஆம் வருடம் பிரான்சில் சேந்த் எத்தியென் ஊரில் செய்த ராணுவ ரிவால்வர் 11 மில்லிமீட்டர். அதே 1873-இல் அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த ரிவால்வர் 45. கிட்டத்தட்ட ஒரே அளவு, பெயர்தான் வேறு. பெயரை நம்பவும் முடியாது. 44 மேக்னம் குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம். 38 ஸ்பெஷலும் 357 மேக்னமும் ஒரே விட்டம். தோட்டாவின் நீளமும் உள்ளே இருக்கிற மருந்தின் வேகமும்தான் வித்தியாசம்.

குண்டின் எடையை அவர்கள் கிரெய்னில் சொல்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. பவுன் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். 1935-இல் வந்த 357 மேக்னம் குண்டு ஒன்றேகால் பவுன் இருக்கும். 44 மேக்னம் ஏறத்தாழ இரண்டு பவுன். 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டுவந்த 500 மேக்னம் மூன்று பவுன், அதற்கு மேலும் போகும். குழலை விட்டு வெளியேறும்போது இருக்கிற சக்தியைப் பார்த்தால் 357-க்குச் சுமார் 700 ஜூல், 44-க்கு 1,000 முதல் 1,300, 500-க்கு 3,000-க்கும் மேல்.

தபால்காரருக்கு ஆசை 500 மேல். கேட்டேன், ஏன் என்று. முன்பு ஒரு சீசனில் 357-ஐ எடுத்துப் போய்த் தூரத்தில் நின்ற மானைச் சுட்டிருக்கிறார். அடி பட்டது, மான் ஓடிவிட்டது. ராத்திரி முழுக்க டார்ச் லைட்டோடு ரத்தத் தடம் பார்த்துத் தேடினார். மறுநாள் மதியமும் தேடினார். கிடைக்கவில்லை. "எங்கேயோ புதரில் கிடந்து செத்திருக்கும்" என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய குண்டாக இருந்தால் அந்த மான் அங்கேயே விழுந்திருக்கும் என்பது அவர் முடிவு.

வாடகைக்குத் துப்பாக்கி கொடுத்துச் சுட விடுகிற இடங்கள் அங்கே உண்டு. முதலில் அங்கேதான் போனோம். நான் விசாவில் வந்த வெளிநாட்டுக்காரன். அந்த மாதிரி ஆட்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் மத்தியச் சட்டம். அதனால் காதுக்குள் பஞ்சு அடைப்பான், மேலே காது மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பழக்க தோஷம், கோடு போட்டுக் கலம் பிரித்துவிட்டேன்: துப்பாக்கி, தூரம், சுட்டது, தட்டுக்குள் பட்டது.

தட்டு என்பது சாதாரணக் காகிதச் சாப்பாட்டுத் தட்டு. 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். எந்தத் தூரத்தில் அத்தனை குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ அதுவரைதான் மானைச் சுடலாம். அதற்கு அப்பால் கூடாது. அங்கே அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் சொல்கிற பழைய கணக்கு இது.

500 ரிவால்வர் நீண்ட குழலோடு 2 கிலோ எடை. ஐந்து தோட்டாதான் கொள்ளும். முதல் வெடிக்கு என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. தபால்காரர் கை நெற்றி வரை எழும்பியது. 25 கஜத் தூரத்தில் ஐந்து சுட்டார், இரண்டு தட்டுக்குள். ஒரு தோட்டா இரண்டு டாலருக்கு மேல் விலை. ஐந்து முடிந்ததும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே "போதும்" என்றார். முப்பது வருடம் தபால் பிரித்த கை அது, மூட்டுவலி வேறு.

இரண்டாவது, 44 மேக்னம். இடாஹோ மாநிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்ற எழுத்தாளர், பழைய 44 ஸ்பெஷல் தோட்டாவில் வீரியம் கூட்டிக் கூட்டிப் பல வருடம் சோதித்தார். கம்பெனிகளை விடாமல் நச்சரித்தார். 1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து 44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. 1971-இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் அது வந்த பிறகு வேட்டையே தெரியாதவர்களும் கேட்டு வாங்கினார்களாம். 25 கஜத்தில் ஆறுக்கு நாலு தட்டுக்குள்.

அன்று கடைக்காரர் ஒரு காரியம் செய்து காட்டினார். அவரே சிலிண்டரை நிரப்பினார். ஆறில் ஒன்று மட்டும் சுட்ட வெறும் கூடு. எது வெறும் கூடு என்று சுடுகிறவருக்குத் தெரியாது. விசையை இழுத்தால் ஒரு முறை வெடிக்காமல் 'டக்' என்று சத்தம் மட்டும் வரும். அப்போது குழல் அசையாமல் நிற்க வேண்டும். தபால்காரர் குழல் நாலு விரல் கீழே குனிந்தது. உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து தள்ளுகிறது. கண்ணும் மூடிக்கொள்கிறது. அன்றைக்கு 500-ஐச் சுட்டபோது தட்டைத் தாண்டிப் போன மூன்று குண்டுக்கும் காரணம் விளங்கிவிட்டது.

அவர் கடைசியில் வாங்கியது ரூகர் கம்பெனியின் சூப்பர் ரெட்ஹாக், 44 மேக்னம், ஏழரை அங்குலக் குழல். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எடை ஒன்றரைக் கிலோ. துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். அதே கம்பெனியின் சூப்பர் பிளாக்ஹாக்கையும் பார்த்தார். அழகான சாமான், பழைய கௌபாய் பாணி. ஆனால் உதைக்கும்போது விசைக்காப்பு வளையத்தின் பின்பக்கம் அவர் நடுவிரல் கணுவில் இடித்தது. தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போடவும் எடுக்கவும் முடியும். ரெட்ஹாக்கில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், ஆறையும் ஒரே தள்ளில் எடுத்துவிடலாம்.

அடுத்தது கண். எங்கள் வயதில் முன்குறி தெரிந்தால் தட்டு மங்கும், தட்டு தெரிந்தால் முன்குறி மங்கும். ரெட்ஹாக்கின் உடம்பிலேயே தொலைநோக்கி மாட்ட இடம் வெட்டியிருக்கிறார்கள்.

மிக முக்கியமானது தோட்டா. 44 மேக்னம் துப்பாக்கியில் மென்மையான 44 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். தலைகீழாக முடியாது. வருடத்தில் 51 வாரம் தட்டைச் சுடப்போகிறார், ஒரு வாரம்தான் மான். அந்த 51 வாரத்துக்கும் கை நோகாத தோட்டா வேண்டும். இரும்புத் தகட்டு உருவங்களைச் சுடும் போட்டிக்குப் போகும் யோசனையும் அவருக்கு இருந்தது. கோழி 50 மீட்டரில், பன்றி 100, வான்கோழி 150, செம்மறிக்கடா 200 மீட்டரில். பட்டால் மட்டும் போதாது, தகடு விழ வேண்டும். அதற்கும் 44 தாங்கும்.

பிறகு ஏழெட்டு வாரம், சனிக்கிழமைதோறும் அவர் மைத்துனர் பண்ணையில் மண்மேட்டுக்கு முன் பயிற்சி. அவர் மனைவி சிலிண்டரை நிரப்பிக் கொடுப்பார், நடுவில் வெறும் கூட்டை ஒளித்து வைத்து. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முதலில் ஸ்பெஷல், பிறகு ஸ்பெஷல் நாலு மேக்னம் இரண்டு, பிறகு ஆறும் மேக்னம். நவம்பர் நடுவில் என் நோட்டில் கடைசி வரிகள் இப்படி இருந்தன: 25 கஜம், ஆறுக்கு ஆறு. 50 கஜம், முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, ஆறுக்கு ஆறு. 75 கஜம், ஆறுக்கு நாலு.

தபால்காரர் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். 50 என்பதன் கீழே தானே ஒரு கோடு இழுத்தார்.

சீசன் தேங்க்ஸ்கிவிங் கழிந்த திங்கட்கிழமை தொடங்கியது. இரண்டாம் நாள் சாயங்காலம், பெரிய கொம்போடு ஒரு கலைமான் வயலோரத்தில் வந்து நின்றதாம். 80 கஜம் இருக்கும். பத்து நிமிடம் அசையாமல் நின்றது. அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. "500 வாங்கியிருந்தால் சுட்டிருப்பேன்" என்று என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை 35 கஜத்தில் ஒரு பெண்மான். ஒரே குண்டு. இருபது அடிக்குள் விழுந்துவிட்டது. டார்ச் லைட் தேவைப்படவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு என் பழைய ஃபைல்கள் நினைவுக்கு வந்தன. நாங்கள் கொடுத்த லைசென்ஸில் பெயர், விலாசம், துப்பாக்கி நம்பர், எத்தனை தோட்டா வரை என்று எல்லாம் இருக்கும். எத்தனை கஜம் வரை என்று ஒரு கலம் கிடையாது. எந்த நாட்டு லைசென்ஸிலும் இருக்க முடியாது. அது ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கே வயதுக்கு வயது மாறும். பெரிய காலிபர் வாங்கினால் அந்தத் தூரம் கூடிவிடும் என்று கடையில் நிற்கும்போது தோன்றுகிறது. தபால்காரர் விஷயத்தில் அது குறைந்துதான் போனது.

ரிவால்வர் வாங்குகிற யோசனை உங்களில் யாருக்கும் இருக்காது. நம் ஊரில் லைசென்ஸ் வாங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கான்பூரில் செய்த 32 காலிபர், அதை வைத்து வேட்டைக்குப் போகவும் முடியாது. ஆனால் கேமரா வாங்குகிற பேரன் இருப்பான், பெரிய கார் வாங்குகிற மாப்பிள்ளை இருப்பார். கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத் தட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.