காணாக்கடி

உடம்பில் திடீரென்று தடிப்புக் கிளம்பினால் எங்கள் வீட்டில் அதற்குக் காணாக்கடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுவோ கடித்துவிட்டது என்று அர்த்தம். அத்தை வெற்றிலையில் நாலு மிளகை மடித்து மெல்லக் கொடுப்பாள். சற்று நேரத்தில் தடிப்பு அடங்கிவிடும். லேசான தடிப்பு தானாகவே அடங்கக்கூடியது என்பது எங்களுக்குத் தெரியாது. பெயரெல்லாம் மிளகுக்கு.

ஓர் ஆடி வெள்ளியன்று மயிலாப்பூரில் அத்தை வீட்டில் பாயசம். அத்தையின் பேத்தி, ஐந்து வயசு, பாயசத்திலிருந்து இரண்டு முந்திரியைப் பொறுக்கித் தின்றாள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கிவிட்டது. மேலெல்லாம் தடிப்பு. அத்தை வெற்றிலையைத் தேடினாள்.

“முந்திரியாக இருக்குமோ, அத்தை?”

“நன்னாயிருக்கு! போன மாசம் தின்னாளே, அப்போ ஒண்ணும் ஆகலையேடா!”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்துக்காக ஐந்து நிமிஷத்தைக் கோட்டைவிட்டோம். குழந்தையின் குரல் கம்மி, மூச்சில் விசில் சத்தம் கேட்ட பிறகுதான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் முதலில் தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டார். மூச்சுச் சீரான பிறகே விசாரணை. அத்தை தன் வாதத்தை எடுத்து விட்டாள்.

“போன மாசம் தின்றதுதான் காரணமாயிருக்கலாம்” என்றார் டாக்டரம்மாள்.

முதல் சந்திப்பில் சண்டை கிடையாதாம். சாதுவான முந்திரியை எதிரியென்று உடம்பு தவறாகக் குறித்துக்கொள்கிறது, ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து, தோலிலும் மூச்சுக் குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் காவல் நிறுத்துகிறது. அடுத்த தடவை முந்திரி தலைகாட்டியதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, வீக்கம் வருகிறது. மூச்சுக் குழாய் சுருங்குகிறது. ரத்த அழுத்தம் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அட்ரினலின் இவை அத்தனையையும் எதிர்த்து நிற்கிறது.

அத்தையைப் போல ஏமாந்தவர்களில் மேதைகளும் உண்டு. பிரான்சில் ரிஷே, போர்ட்டியே என்ற இருவர், கடலில் பூப்போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிராணியின் விஷத்தைச் சிறிது சிறிதாக நாய்களுக்குக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துச் சொற்ப விஷத்தில் நிமிஷக் கணக்கில் செத்தது. காப்பு வரும் என்று காத்திருந்தவர்களுக்கு வந்தது அதற்கு நேர்மாறு. 1902-ல் அதற்கு அனபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது அத்தை வீட்டுப் பாயசத்தில் முந்திரி கிடையாது. வந்தவர்கள் யாராவது குழந்தைக்கு முந்திரி போட்ட பட்சணத்தை நீட்டி, “ஒரு துண்டுதானே, மாமி! போன தடவை கொஞ்சம் தின்னாளே!” என்றால் அத்தை தட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

“போன தடவைதான் வினை” என்கிறாள்.